கறுத்ததும் வெள்ளியே



சேலத்தில் நின்றுகொண்டு வெள்ளியைப் பற்றிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகப் பற்றவைத்து, முத்துக் கோத்து, மெருகேற்றி, இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் கொலுசு அனுப்பும் ஊர் இது. இந்த ஊர்ச் செவ்வாய்ப்பேட்டையின் பட்டறைக்காரர்களுக்கு வெள்ளி வேலை சொல்லித்தர நான் வரவில்லை. அது என்னால் ஆகிற காரியமும் இல்லை. உங்கள் கையை விட்டுப் போன பிறகு, கடைக்குப் போய், ஒரு பெண்ணின் காலில் ஏறிய பிறகு, அந்தக் கொலுசு என்ன பாடு படுகிறது என்பதைப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் வெள்ளி நகையை எப்படிப் பேணுவது, எப்படித் துலக்குவது என்பதுதான் இன்றைய தலைப்பு.

இவ்வளவு பேர் கூடியிருக்கும் அவையில் பேச வேறு பொருளா இல்லை என்று யாராவது நினைக்கலாம். நம் வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தங்கம் எங்கே இருக்கிறது? வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. இல்லையென்றால் அடகுக் கடையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு நாள் வெளியே வந்து, மறுநாள் உள்ளே போய்விடுகிறது. வெள்ளி எங்கே இருக்கிறது? பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கொடியாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற சிறுமியின் காலில் கொலுசாக இருக்கிறது. தாயின் கால்விரலில் மெட்டியாக இருக்கிறது. பூசை அறையில் குங்குமச் சிமிழாக, சந்தனக் கிண்ணமாக, விளக்காக இருக்கிறது. நம்மோடு அன்றாடம் வாழ்கிற உலோகம் வெள்ளிதான். அந்த வெள்ளியைத்தான் நாம் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறோம். அழிப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் துலக்குதல்!

வெள்ளி கறுத்துப் போகிறது. எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கறுப்பு என்ன?

அழுக்கா? அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரில் போய்விட வேண்டுமே, போவதில்லை. துருவா? இரும்பு துருப்பிடிப்பது ஆக்சிஜனால். வெள்ளியோ சாதாரணக் காற்றில் ஆக்சிஜனோடு எளிதில் சேராது. அப்படியானால் சிலர் சொல்வதுபோல் உடம்புச் சூடா? உடம்புச் சூடு மட்டும் எந்த வெள்ளியையும் கறுக்க வைக்காது.

கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று சொல்கிறோமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு அவற்றில் முதன்மையானது. நம் மூக்குக்கு எட்டாத அளவில் இருந்தாலும் அது வெள்ளிக்கு எட்டிவிடுகிறது. காற்றில் ஈரமும் இருந்தால் வேலை விரைவாக நடக்கிறது. வெள்ளியின் மேற்பரப்பு கந்தகத்தோடு கூடி வெள்ளி சல்பைடு என்ற கரிய படலமாகிறது. அந்தப் படலம் ஒரே நாளில் கறுப்பாகிவிடுவதில்லை. முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் கலந்த ஊதா, கடைசியில்தான் கறுப்பு. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. இளமஞ்சளில் கவனித்தால் வேலை எளிது. கறுப்பு வரும்வரை விட்டுவிட்டால் வேலை கடினம்.

இனி நான் சொல்லப்போகும் கணக்கை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அந்தக் கரிய படலத்தை எடை போட்டால், 100 கிராமில் 87 கிராம் வெள்ளி. கந்தகம் 13 கிராம் மட்டுமே. புரிகிறதா தாய்மார்களே? நாம் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தண்ணீரோடு சாக்கடையில் விடுகிறோமே, அதில் பெரும்பகுதி வெள்ளி! கறுத்ததும் வெள்ளியே. நிறம் மாறிய வெள்ளி. தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் நகையின் ஒரு தோல் போகிறது. அடியில் இருக்கும் புது வெள்ளி வெளியே வந்து பளபளக்கிறது. பார், எப்படி மின்னுகிறது என்று மகிழ்கிறோம். அந்தப் புதுத் தோலும் நாளைக்குக் கறுக்கும். அதையும் தேய்ப்போம். சந்தனக் கட்டை தேய்வதுபோல் தேய்கிறது நகை. சந்தனமாவது நெற்றிக்கு வருகிறது!

இது வெறும் கணக்கா? கண்ணால் பார்க்க வேண்டுமா? வீட்டில் பழைய காமாட்சி விளக்கு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெள்ளியோ பித்தளையோ, இரண்டு தலைமுறை தேய்த்துத் துலக்கிய விளக்காக இருக்கட்டும். நடுவில் கஜலட்சுமி அமர்ந்திருப்பாள், இரு பக்கமும் யானைகள். அந்த லட்சுமியின் முகத்தைப் பாருங்கள். மூக்கு இருக்கிறதா? கண் இருக்கிறதா? யானையின் தும்பிக்கையில் கோடுகள் இருக்கின்றனவா? வழவழவென்று ஒரு மேடு மட்டும் இருக்கும். யாரும் பகை வைத்துச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பக்தியோடு தேய்த்தார்கள். பக்தியோடு தேய்த்த கைகளே லட்சுமியின் முகத்தை அழித்துவிட்டன. சிற்பி உளியால் அரும்பாடுபட்டுப் போட்ட கோட்டைப் புளியும் மண்ணும் சாம்பலும் கொண்டு போய்விட்டன. உங்கள் கொலுசில் பூ வேலை செய்தவருக்கும், சிமிழின் மூடியில் மயில் செதுக்கியவருக்கும் அதே கதிதான்.

எதைக் கொண்டு தேய்க்கிறோம் என்று பார்ப்போம். இப்போது பெரும்பாலான வீடுகளில் பற்பசை. அடுத்தது பல்பொடி. பிறகு திருநீறு. பிறகு புளி.

வெள்ளி மென்மையான உலோகம். கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. மென்மையான டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. அதில் வெள்ளிக்கு இடம் இரண்டரையிலிருந்து மூன்றுக்குள். பற்பசையில் என்ன இருக்கிறது? பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். அந்த எனாமலின் மேல் படிந்த கறையைச் சுரண்டுவதற்காகச் சேர்த்த துகள்கள் இருக்கின்றன. பல பற்பசைகளில் அது சிலிக்கா, வெள்ளியைவிடக் கடினமானது. எனாமலுக்காகச் செய்த துகளை வெள்ளியின் மேல் ஓட்டினால் என்ன ஆகும்? உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் கீறல். கீறல் விழுந்த வெள்ளிக்கு மெருகு குறையும். அடுத்த முறை கறுப்பு அந்தக் கீறலுக்குள் போய் உட்காரும். திருநீறு பசுஞ்சாணத்தின் சாம்பல். அதிலும் சிலிக்கா உண்டு. நெற்றிக்கு இதமாக இருப்பதெல்லாம் வெள்ளிக்கு இதம் என்று சொல்ல முடியாது.

புளி விஷயம் வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். செம்பின் மேலும் பித்தளையின் மேலும் படியும் களிம்பை அது அருமையாகக் கரைக்கும். அதனால்தான் நம் பாட்டிமார் பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டார்கள், மிகச் சரியான அறிவு அது. ஆனால் வெள்ளி சல்பைடைப் புளி ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. புளி போட்டால் கொலுசு வெளுக்கிறதே என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, நாரோடும் விரலோடும் சேர்த்துத் தேய்க்கிற தேய்ப்பு. இரண்டு, வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு. சுத்த வெள்ளி நகைக்கு ஆகாது, வளைந்துவிடும். அதனால் செம்பு சேர்க்கிறோம். 925 முத்திரை போட்ட நகையில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. டச், அதாவது வெள்ளியின் தரம், குறைந்த கொலுசில் செம்பு அதைவிட எவ்வளவோ அதிகம். புளி அந்தச் செம்பின் களிம்பைத்தான் எடுக்கிறது. எலுமிச்சையும் அப்படியே. பட்டறைத் தோழர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பற்று வைத்த இடத்தில் செம்பும் துத்தநாகமும் கூடுதல். அமிலத்தில் இரவெல்லாம் ஊறப் போட்டால் அது முதலில் தின்பது பற்றைத்தான். பிறகு ஒரு நாள் முத்து உதிர்ந்தது, வளையம் விட்டுப்போனது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? எதிரி வரும் வழி தெரிந்தால்தானே கதவடைக்க முடியும்?

சமையலறையிலிருந்து வருகிறது. முட்டையில் கந்தகம் உண்டு. வெங்காயத்தில் உண்டு, பூண்டில் உண்டு, கடுகில் உண்டு. முட்டைப் பொரியலை வெள்ளிக் கரண்டியால் எடுத்துப் பாருங்கள், பந்தி முடிவதற்குள் கரண்டி நிறம் மாறும். கம்பளியிலிருந்து வருகிறது. ஆட்டு ரோமத்தின் புரதத்திலேயே கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்டிலிருந்து வருகிறது. இதைக் கவனியுங்கள், ரப்பரைப் பதப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். இரண்டு கொலுசையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைக்கிறோமே, ஒரு வருடம் கழித்து எடுத்தால் பேண்ட் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு எளிதில் போவதே இல்லை.

தோலுக்குப் போடும் சில களிம்புகளிலும் சோப்புகளிலும் கந்தகம் உண்டு. தீபாவளிப் பட்டாசின் கருமருந்திலும் கந்தகம் உண்டு. தெருவே புகையாகிற அந்த இரண்டு மூன்று நாட்களில் பூசை அறை வெள்ளி திறந்து கிடந்தால் அதன் பலன் கார்த்திகைக்குள் தெரியும். சென்னையில் கூவத்தின் கரையோரம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாற்றத்தில் இருப்பதும் இதே ஹைட்ரஜன் சல்பைடுதான். மனிதர்கள் அந்த நாற்றத்துக்குப் பழகிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டு வெள்ளி பழகுவதில்லை.

உடம்பிலிருந்தும் வருகிறது. வியர்வையில் உப்பு உண்டு, கந்தகம் சேர்ந்த பொருள்களும் உண்டு. ஒவ்வொருவர் வியர்வையும் ஒவ்வொரு மாதிரி. கோடையில் ஒரு மாதிரி, மருந்து சாப்பிடும்போது ஒரு மாதிரி. அக்கா போட்டால் வெளுப்பாக இருக்கும் கொலுசு தங்கை போட்டால் கறுக்கிறது என்றால் காரணம் இவ்வளவுதான். இதை அழுத்திச் சொல்கிறேன். சில வீடுகளில் மருமகள் காலில் வெள்ளி கறுத்தால், இவளுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்கிறார்கள். இன்னும் மோசமாக, ராசி சரியில்லை என்கிறார்கள். எவ்வளவு அநியாயம்! கந்தகமும் ஈரமும் செய்த வேலைக்கு ஒரு பெண்ணின் தலையில் பழி. வெள்ளி கறுப்பது நோயின் அடையாளம் இல்லை. ராசியின் அடையாளமும் இல்லை. அந்தப் பேச்சை இந்த மண்டபத்திலிருந்து போகிற யாரும் இனி பேசக் கூடாது.

கந்தகமாவது மெல்ல வருகிற எதிரி. ஒரே நாளில் நகையைக் கெடுக்கிற எதிரி குளியலறையில் இருக்கிறது.

நம் தாய்மார்கள் குளியலறையைக் கழுவும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, சில நேரம் பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றி, வெறுங்காலோடு நின்று துடைப்பத்தால் தேய்க்கிறார்கள். காலில் கொலுசு இருக்கிறது, விரலில் மெட்டி இருக்கிறது. அந்த நீர் முழுக்க அதன்மேல் தெறிக்கிறது. பிளீச்சிங் பவுடரின் குளோரின் வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி குளோரைடாகும். முதலில் வெளிறிய படலம், பிறகு வெளிச்சம் பட்டால் சாம்பலும் கறுப்புமாக மாறும். வெள்ளி உப்புகள் வெளிச்சத்தில் கறுக்கும் இந்தக் குணத்தை வைத்துத்தான் 1839 முதல் டிஜிட்டல் கேமரா வரும்வரை உலகம் முழுவதும் புகைப்படம் எடுத்தார்கள். படச்சுருளில் அது வரம். மெட்டியில் அது கேடு. நீச்சல் குளத்தில் இறங்கும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை, அங்கேயும் குளோரின்தான். கழுவும் நாளில் கொலுசைக் கழற்றி வையுங்கள். மெட்டியைக் கழற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் காலில் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெள்ளியை விடுங்கள், முதலில் உங்கள் கால் தோலுக்கு அது நல்லது. இன்னொன்று, வெள்ளிக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு உயிரைக் குடிக்கும்.

சரி, கறுத்துவிட்டது. என்ன செய்வது? கறுத்ததும் வெள்ளியே என்றால், அந்த வெள்ளியை இழக்காமல் கந்தகத்தை மட்டும் வெளியே அனுப்ப வழி உண்டா?

உண்டு! அதுவும் நம் அடுப்படியிலேயே உண்டு.

அந்த வழி மின்சாரத்தின் வழி. 1800ஆம் ஆண்டு இத்தாலியைச் சேர்ந்த வோல்டா, வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த துண்டுகளை வைத்து, தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் மின்கலத்தை உலகத்துக்கு அறிவித்தார். இரண்டு வேறு வேறு உலோகங்கள், நடுவே உப்பு நீர், அவ்வளவுதான் அடிப்படை. நம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் பழம்பொருள்களைக் காப்பதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பேற்ற எஸ். பரமசிவன், மண்ணுக்கடியில் கிடந்து அரித்துப்போன வெண்கலச் சிலைகளுக்கு மின்சாரத்தைக் கொண்டு வைத்தியம் பார்த்தார். சிலையைச் சுரண்டித் தேய்க்காமல், அரிப்பை வேதியியல் வழியில் எதிர்த் திசைக்குத் திருப்பினார். தமிழ்நாட்டுக்கு அந்த அறிவு புதிதல்ல. அதே கொள்கையை ஒரு பாத்திரத்தில் செய்து பார்க்கலாம்.

கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் ஒன்றை எடுங்கள். அடியில் அலுமினியத் தாள் விரியுங்கள், சப்பாத்தி சுற்றுகிற அதே தாள். நகையை அந்தத் தாளின்மேல் வையுங்கள். நகை தாளைத் தொட வேண்டும், தொடாவிட்டால் மின்சாரம் ஓடாது, வேலை நடக்காது. ஒரு லிட்டர் கொதித்த தண்ணீருக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, நுரை அடங்கியதும், நகை மூழ்கும்படி ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வரும். முகம் சுளிக்காதீர்கள்! உங்கள் வெள்ளியை விட்டுக் கந்தகம் வெளியேறுகிற நாற்றம் அது. சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். அலுமினியம் தன்னைக் கொடுத்து வெள்ளியை மீட்கிறது. கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறது, வெள்ளி நகையிலேயே தங்குகிறது. தாள்தான் மங்கி அரித்துப்போகும். நகையைப் புரட்டிப் போடுங்கள், இன்னும் இரண்டு நிமிடம். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்து, மின்விசிறியின் கீழே உலர விடுங்கள். கறுப்பு தடிமனாக இருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை செய்யலாம். சோறு வடிக்கும் அலுமினியச் சட்டியை இதற்கு எடுக்காதீர்கள், சட்டி அரித்துப்போகும். ஒரு முழம் தாள் போதும்.

இந்த முறையைப் பற்றி உண்மையை முழுக்கச் சொல்ல வேண்டும். மீண்ட வெள்ளி கண்ணாடிபோல் மின்னாது, சற்று மங்கலான வெண்மையாக இருக்கும். மென்துணியால் லேசாக நீவினால் மெருகு வரும். டச் குறைந்த கொலுசில் செம்பின் பழுப்பு மிஞ்சும், அதற்கு வேண்டுமானால் நீர்த்த புளித் தண்ணீரில் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து நன்றாக அலசுங்கள். அங்கே புளிக்கு வேலை உண்டு.

இதைவிட முக்கியம், எதற்கெல்லாம் இந்த முறை ஆகாது என்பது. கல் வைத்த நகைக்கு ஆகாது. நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகைகளைப் பார்த்திருப்பீர்கள். பரதநாட்டிய மேடையில் தலைசாமானாக, நெற்றிச்சுட்டியாக, ஒட்டியாணமாக வருபவை. புவிசார் குறியீடு பெற்றவை. வெள்ளியின் மேல் தங்க மெருகு, அதன்மேல் கெம்புக் கல். இப்படிப்பட்ட நகைகளில் கல்லின் அடியில் அரக்கு இருக்கலாம். கொதிநீர் பட்டால் அரக்கு இளகும், கல் கழன்று விழும். தேய்த்தால் தங்க மெருகு போகும். நாட்டியம் முடிந்ததும் வியர்வையை மென்துணியால் ஒற்றி எடுத்துக் காற்றாட வைத்துப் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டால் செய்தவரிடமே கொண்டு போங்கள். முத்தும் பவளமும் சுண்ணாம்பினால் ஆனவை, புளியும் எலுமிச்சையும் அவற்றைக் கரைத்துவிடும். தஞ்சாவூர்க் கலைத்தட்டின் மேல் இருப்பது மெல்லிய வெள்ளித் தகட்டில் புடைத்தெடுத்த உருவம். அதையும் கொதிநீரில் முக்காதீர்கள். ஆக்சிடைஸ்டு என்று கடைகளில் விற்கிற நகைகளைக் கந்தகச் சேர்மம் கொண்டு வேண்டுமென்றே கறுக்க வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் வெளுப்புமாக இருப்பதுதான் அதன் அழகு. அதைச் சோடாத் தண்ணீரில் போட்டால் அழகு முழுவதும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வெள்ளி முலாம் பூசியவற்றையும் தேய்க்காதீர்கள், முலாம் முடியைவிட மெல்லியது.

கடையில் குப்பியில் விற்கிற திரவம் ஒன்று உண்டு. முக்கினால் நொடியில் வெளுக்கும். அதில் பெரும்பாலும் அமிலமும் தயோயூரியா என்ற பொருளும் இருக்கும். அது கறுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது அந்த 87 பங்கு வெள்ளி குப்பிக்குள் தங்கிவிடுகிறது. மணி வைத்த கொலுசின் உட்குழிவில் அது தேங்கினால் உள்ளிருந்து அரிக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வாசலில் வந்து நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று கேட்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். வெள்ளியைக் கரைக்க நைட்ரிக் அமிலம் போதும். நகை பளபளவென்று உங்கள் கைக்கு வரும். கரைந்த எடை அவருடைய கிண்ணத்தில் இருக்கும். தங்கத்துக்கும் இதே ஏமாற்று உண்டு, காவல்துறை எத்தனை முறை எச்சரித்தாலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அன்றாடத்துக்கு என்ன செய்வது? கறுக்காத நகைக்குச் சோடாவும் வேண்டாம், தாளும் வேண்டாம். பூந்திக்கொட்டை போதும். நகைப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பொருள். நான்கைந்து கொட்டைகளை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். ஆறியதும் நகையை அதில் போட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் இடுக்குகளை நீவுங்கள். மஞ்சளும் எண்ணெயும் பவுடரும் வியர்வையும் சேர்ந்த பிசுக்கு முழுவதும் போகும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மெட்டியைக் கழற்றாதவர்கள் குளிக்கும்போதே இப்படிச் செய்து, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். விளக்கில் படிவது எண்ணெய்ப் பிசுக்கும் கரியும், சல்பைடு கொஞ்சம்தான். அதற்கும் சுடுதண்ணீரும் சோப்பும் போதும். கஜலட்சுமியின் முகத்தைக் காப்பாற்ற இன்றைக்கும் நேரம் இருக்கிறது.

பிறகு எடுத்து வைப்பது. முதலில் ஒரு சேதி, போட்டுக்கொண்டிருக்கிற நகைதான் குறைவாகக் கறுக்கும். அன்றாட உராய்வே அதற்கு மெருகு. பீரோவில் உறங்குகிற நகைதான் சீக்கிரம் கறுக்கும். ஆகவே போட்டுக்கொள்ளுங்கள்! வைத்தே தீர வேண்டும் என்றால், கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, அழுத்தி மூடுகிற பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றிப் போடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, இல்லையென்றால் இரண்டு சாக்பீஸ் துண்டு. ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம். கம்பளித் துணி வேண்டாம். ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். கடையில் மடித்துத் தருகிற இளஞ்சிவப்புத் தாள் வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு மட்டும்தான். அருங்காட்சியகங்களில் நுண்ணிய வெள்ளித் துகள் ஊட்டிய துணியில் வெள்ளிப் பொருள்களைச் சுற்றி வைப்பதுண்டு. வருகிற கந்தகத்தைத் துணியில் இருக்கும் வெள்ளியே தன்மேல் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பொருள் தப்பிக்கும். பெரிய வெள்ளிப் பாத்திரங்கள் வைத்திருப்பவர்கள் அந்தத் துணியை வாங்கலாம்.

வாங்குவதைப் பற்றி இரண்டே வார்த்தை. எத்தனை டச் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பி.ஐ.எஸ். முத்திரையும் 925, 900, 835, 800 போன்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் சில்வர் என்று விற்கிற பூசைத் தட்டில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நல்ல உலோகம், தவறொன்றுமில்லை. அதற்கு இங்கே நான் சொன்ன சோடா வைத்தியம் பொருந்தாது.

பேச்சு போதும். மேடைக்குக் கீழே மேசைமேல் பாத்திரம் இருக்கிறது, தாள் விரித்திருக்கிறது, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. கறுத்த கொலுசு போட்டிருப்பவர்கள் கழற்றிக்கொண்டு முன்னால் வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே செய்துவிடலாம். கல் வைத்தவை வேண்டாம், ஆக்சிடைஸ்டு வேண்டாம், முலாம் பூசியவை வேண்டாம். பட்டறைத் தோழர்கள் பக்கத்தில் வந்து நில்லுங்கள். எந்தக் கொலுசு எத்தனை டச் என்று என்னைவிட உங்களுக்குத்தான் பார்த்தவுடன் தெரியும். மாணவிகள் யாராவது ஒருவர் அந்தச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள் அம்மா.